உள்ளே இழுக்கும் குழாய்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற சாலையில் நடுவழியில் இருக்கிறது ஆலங்குளம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே பெரும்பாலும் அதன் காற்றுதான் வந்து சேரும். மழை மேற்கே மலையோடு நின்றுவிடும். பாறை நிலம். சுற்றிலும் பொத்தைகள், கல் குவாரிகள். போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அதனால் இந்த வட்டாரத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது. துவைக்கவும் மாட்டுக்கு வைக்கவும் போர்த் தண்ணி. குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணி. நல்ல தண்ணி தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏறி, தெருத் தெருவாக முறைவைத்துத் திறந்துவிடப்படுகிறது.

எந்த நேரம் திறப்பார்கள் என்று திட்டமாகத் தெரியாத தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் குழாயைத் திறந்தே வைத்து, அதன் மூக்கில் ஹோஸ் மாட்டி, மறுமுனையைச் சிமென்ட் தொட்டிக்குள்ளோ டிரம்முக்குள்ளோ போட்டுவிடுவார்கள். தண்ணீர் வந்தால் தானே நிறையும். குழாய் சொட்டத் தொடங்கினாலும் இதே வைத்தியம்தான். சொட்டுவது வீணாக வேண்டாம் என்று ஹோஸை மாட்டி, மாட்டின் கழனித் தொட்டிக்குத் திருப்பிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் குழாய் வெறுமனே சொட்டிக்கொண்டிருந்தபோது இல்லாத ஓர் ஆபத்து, ஹோஸ் தொட்டிக்குள் மூழ்கிய நொடியில் பிறந்துவிடுகிறது. தொட்டியில் கிடக்கும் கழனித் தண்ணீர், வந்த வழியே தெருக் குழாய்க்குள் போகலாம். அங்கிருந்து அடுத்த வீட்டுக் குடத்துக்கும் போகலாம்.

சொட்டி வீணாவதைக் கணக்கிடுவது எளிது. நான்கு சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர், விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிச் சொட்டியே போய்விடும். ஆனால் இந்தக் கணக்கு மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்குத்தான் பொருந்தும். தெருக் குழாயோடு நேரே இணைந்த வாசல் குழாய், நல்ல தண்ணி வருகிற ஒன்றிரண்டு மணி நேரம்தான் சொட்டும். மீதி நேரமெல்லாம் அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடையளவு அழுத்தும். மேல்நிலைத் தொட்டி பதினைந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் அடியில் ஒன்றரைக் கிலோ அழுத்தம். தெருக்களில் ஓடி உராய்ந்து வீட்டுக்கு வருவதற்குள் அது குறைந்துவிடும். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில் தரைத்தள வீடுகளுக்கு 7 மீட்டர், ஒரு மாடி இருந்தால் 12 மீட்டர், இரண்டு மாடி இருந்தால் 17 மீட்டர் அழுத்தம் மிஞ்ச வேண்டும் என்றது. அந்த அழுத்தம் இருக்கும்வரை கவலையில்லை. குழாயில் எங்கே ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் வரும். வெளியில் உள்ளது உள்ளே போகாது.

வால்வை மூடியதும் நிலைமை தலைகீழாகிறது. ஊர் சமதளம் இல்லை. தாழ்வான தெருக்களில் இன்னும் குழாய்கள் திறந்திருக்கும். குழாயில் நிற்கும் தண்ணீர் அந்தப் பக்கம் சரிந்து வடியும். அது வடிய வடிய மேட்டுத் தெருக் குழாயில் காலியிடம் உண்டாகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும். திறந்த குழாய் மூக்கு காற்றில் இருந்தால் காற்று நுழையும், அதனால் கேடில்லை. மூக்கில் மாட்டிய ஹோஸ் தண்ணீருக்குள் கிடந்தால், நம் தலைக்கு மேலுள்ள காற்றுமண்டலமே அந்தத் தண்ணீரை அழுத்தி ஹோஸுக்குள் ஏற்றிவிடும். காற்றுமண்டலத்தின் அழுத்தம் பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கக்கூடியது. தொட்டியிலிருந்து குழாய் மூக்குக்கு ஒரு மீட்டர்கூட இருக்காது. அரை இஞ்சு ஹோஸ் பத்து மீட்டர் நீளம் என்றால் அதற்குள் இருப்பது ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவும் போன பிறகு நுழைவது தொட்டித் தண்ணீர்.

மேட்டுத் தெருவுக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. தமிழ்நாட்டில் அனேகமாக எல்லா ஊரிலும் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கம் இருக்கிறது. உள்ளாட்சிகள் அவ்வப்போது சோதனை நடத்தி மோட்டார்களைப் பறிமுதல் செய்கின்றன. அதைப் பெரும்பாலும் நியாயம் சார்ந்த பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம்: மோட்டார் வைத்தவருக்குத் தண்ணீர், வைக்காதவருக்கு இல்லை. அது உண்மைதான். ஆனால் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஏழு மீட்டர் ஆழத்திலிருந்துகூடத் தண்ணீரை உறிஞ்சும் வலிமை உள்ளது. அந்த இழுப்பைத் தெருக் குழாயின்மேல் காட்டும்போது, பக்கத்து வீட்டுக் குழாயில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸின் வழியாகவும் இழுக்கிறது. மண்ணுக்கடியில் இணைப்பு விட்டிருந்தால் அதன் வழியே சாக்கடை ஊறிய ஈரத்தையும் இழுக்கிறது. மோட்டார் போட்டவர் வீட்டுக் குழந்தை குடிக்கும் தண்ணீரில்தான் அது முதலில் வந்து கலக்கும்.

அழுத்தம் குறைந்த தெருக்களில் இன்னொன்றும் பார்க்கலாம். தரைக்கு மேல் தண்ணீர் ஏறாததால் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்க வேண்டும். மழை பெய்தால், பாத்திரம் கழுவினால், தெருவில் ஓடும் தண்ணீர் அந்தக் குழியில்தான் தேங்கும். குழாயின் மூக்கு அதில் மூழ்கும். வால்வு மூடியதும் குழிநீர் உள்ளே போகும். ஹோஸ்கூடத் தேவையில்லை.

இப்படியெல்லாம் நடக்கக்கூடும் என்பது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உஸ்டர் என்ற ஊரில் ஹோலி கிராஸ் கல்லூரி இருக்கிறது. 1969 செப்டம்பரில் அதன் அமெரிக்கக் கால்பந்து அணியே மஞ்சள் காமாலையில் விழுந்தது. அணியில் இருந்த 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைடிஸ் ஏ தொற்று. அந்த ஆண்டு இரண்டே ஆட்டங்கள் ஆடிவிட்டு மீதி ஆட்டங்களைக் கைவிட்டார்கள். கல்லூரியில் மற்ற மாணவர்களுக்கு நோய் இல்லை. உணவு எல்லாருக்கும் பொது. அப்படியானால் அணிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் இருந்த குடிநீர்க் குழாயில் வந்து நின்றார்கள்.

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் போகிற வழியில்தான் மைதானப் புல்லுக்கு நீர் பாய்ச்சும் குழாய்களும் இருந்தன. அவை தரைக்குள் பதித்த பெட்டிகளில், தரைமட்டத்துக்குக் கீழே இருந்தன. பெட்டிகளில் தண்ணீர் தேங்கும். அருகில் இருந்த வீட்டுக் குழந்தைகள் அங்கே விளையாடுவார்கள்; அந்தக் குழந்தைகளுக்கு அப்போது மஞ்சள் காமாலை இருந்தது. ஆகஸ்ட் 29 அன்று ஊரின் வேறோர் இடத்தில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் அதே குழாய்த் தொகுதியிலிருந்து தண்ணீரை உறிஞ்சின. மைதானத்துக் குழாயில் அழுத்தம் போய் வெற்றிடம் வந்தது. பெட்டிகளில் தேங்கிய நீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறியது. பயிற்சி முடிந்து வேர்த்துக் களைத்து வந்த இளைஞர்கள் அதைக் குடித்தார்கள்.

அங்கே தீயணைப்பு வண்டி செய்ததை இங்கே உறிஞ்சு மோட்டார் செய்கிறது. அங்கே தரைக்குள் பதித்த பெட்டி, இங்கே குழாய்க் குழி. உஸ்டரில் அழுத்தம் போனது ஒரு நாள். முறைவைத்துத் தண்ணீர் விடும் ஊரில் ஒவ்வொரு முறை வால்வு மூடும்போதும் போகிறது. என் கவலையெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

அதற்கும் முன்னால் 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு பெரிய ஓட்டல்களில், பழைய குழாய் வேலைப்பாட்டின் குறுக்கு இணைப்புகள் வழியே கழிவு நீர் குடிநீரில் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. சுமார் 1,400 பேர் பாதிக்கப்பட்டார்கள். 98 பேர் இறந்தார்கள். குழாயில் தண்ணீர் திரும்பிப் போவதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அந்த நாடு கருதத் தொடங்கியதில் இந்தச் சாவுகளுக்குப் பங்குண்டு.

நமக்கு நெருக்கமான சான்று கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாடில் இருக்கிறது. அந்த இரட்டை நகரத்தில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும் தண்ணீர், மற்ற வார்டுகளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை. மூல நீர் ஒன்று, சுத்திகரிப்பும் ஒன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் எமிலி கும்பெல், காரா நெல்சன் இருவரும் இரண்டு பகுதிகளிலும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். இடைவிட்டுத் தண்ணீர் வரும் வீடுகளில் 31.7 சதவீத மாதிரிகளில் ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. தொடர்ந்து வரும் வீடுகளில் 0.7 சதவீதம். ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரே தரத்தில் கிளம்பிய தண்ணீர், குழாய் காலியாகிக் காலியாகி நிரம்புகிற பகுதிகளில் இப்படிக் கெட்டிருந்தது.

குளோரின் போடுகிறார்களே என்று கேட்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. சுத்தமான குழாயில் தவறி நுழைந்த கொஞ்சம் கிருமியைக் கொல்ல அது போதும். அரிசி களைந்த தண்ணீரும் தவிடும் சாணமும் கலந்த தொட்டி நீர் வந்தால் அந்தக் குளோரின் கிருமியிடம் போவதற்கு முன்பே அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும்.

இனி குழாயைப் பார்ப்போம். அரை இஞ்சுப் பித்தளைக் குழாய், மேலே திருகு, உள்ளே ஒரு ஸ்பிண்டில், அதன் அடியில் ஒரு சிறு தட்டு, தட்டில் ஒரு ரப்பர் வாசர். திருகை இறக்கினால் வாசர் சீட்டின்மேல் அமர்ந்து வழியை அடைக்கும். இந்த அமைப்பு பழையது. 1845-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாமில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் பட்டறையில் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய குழாய்களில் அந்தத் தட்டு ஸ்பிண்டிலோடு இறுக்கப்பட்டிருக்காது, தளர்வாகச் செருகியிருக்கும். தண்ணீரின் அழுத்தம்தான் அதைத் தூக்கிப் பிடிக்கும். அழுத்தம் போனால் தட்டு தானாகச் சீட்டின்மேல் விழும். குழாய் திறந்திருந்தாலும் தண்ணீர் திரும்பிப் போவதை ஓரளவு தடுக்கும். இப்போது கடையில் அதிகம் விற்கும் கால் திருப்புக் குழாய்களில் பீங்கான் வட்டுகள் இருக்கின்றன. சொட்டாமல் நெடுநாள் உழைக்கும். ஆனால் திறந்தால் திறந்ததுதான். எந்தப் பக்கமும் போகலாம். புதிய குழாய் மாற்றியவர்கள் பழையதில் இருந்த இந்தச் சிறு காவலைத் தெரியாமலே இழந்துவிட்டார்கள்.

"வாசர் தேஞ்சு போச்சு அண்ணாச்சி" என்பார் பிளம்பர். பெரும்பாலும் அதுதான் காரணம். எதனால் தேய்கிறது என்பதில்தான் சுவாரசியம். ஒரு மணல் துகள் சீட்டில் மாட்டிக்கொண்டால் மயிரிழை அளவு இடைவெளி விழும். பத்து மீட்டர் அழுத்தமுள்ள தண்ணீர் அந்த இடைவெளியில் பாயும் வேகம் கணக்குப்படி விநாடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாள்தோறும் ஓடும் தண்ணீர் ரப்பரை அறுக்கும். பிறகு பித்தளையிலும் கோடு கிழிக்கும். சொட்டுகிறதே என்று இன்னும் பலமாக இறுக்கினால் வாசர் நசுங்கிச் சீட்டின் விளிம்பு அதில் பதிந்துவிடும். அடுத்த நாள் மேலும் இறுக்க வேண்டிவரும். சொட்டத் தொடங்கிய குழாயை இறுக்காமல் கழற்றுவதுதான் சரி.

கழற்றுமுன் எங்கிருந்து கசிகிறது என்று துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மூக்கிலிருந்து சொட்டினால் வாசர் அல்லது சீட். குழாய் திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் ஊறினால் கிளாண்ட், அதாவது ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள அடைப்பு. கிளாண்ட் நட்டை அரைத் திருப்பு இறுக்கினாலே பல நேரம் நிற்கும், நிற்காவிட்டால் உள்ளேயுள்ள வளையத்தை மாற்ற வேண்டும். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மரையில் டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்ற வேண்டும். மரையின் முனையை நம் பக்கம் வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் திருகும்போது பிரியாது. சீட்டில் விரலை விட்டுத் தடவும்போது கீறல் நெருடினால் வாசர் மாற்றிப் பயனில்லை, குழாயையே மாற்றிவிடலாம்.

போர்த் தண்ணீர் ஓடும் குழாயில் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்தான். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் இந்தப் படிவுக்குப் புளி அவ்வளவு உதவாது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிவிடும். பித்தளை பளபளக்கும், படிவு நிற்கும். எலுமிச்சைச் சாறு நன்றாக வேலை செய்யும். அதன் சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோகும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடையில் அமிலம் வாங்க வேண்டியதில்லை. இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் மரையும் துளைகளும் சுத்தமாகும்.

நல்ல தண்ணிக் குழாய்க்குத் தனி வால்வு இல்லாத வீடுகளில், தண்ணீர் வராத நேரம் பார்த்துக் கழற்றுவார்கள். வேறு வழியில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கீழே சேறு இருந்தால் முதலில் கழுவித் துடைக்க வேண்டும்; கழற்றிய வாயைச் சுத்தமான துணியால் மூட வேண்டும்; வேலை முடிந்தபின் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட வேண்டும். அப்படியே ஒரு பால் வால்வும் போட்டுவிட்டால் அடுத்த முறை காத்திருக்க வேண்டாம்.

திரும்பிப் போவதைத் தடுக்க என்ன செய்வது? அமெரிக்காவில் ஹோஸ் மாட்டும் வெளிக் குழாய்க்கு வெற்றிட முறிப்பான் என்ற சிறு கருவி கட்டாயம். குழாய் மூக்கில் திருகி, அதன் கீழே ஹோஸ் மாட்டுவார்கள். நெல்லிக்காய் அளவுப் பித்தளை உருண்டை, சுற்றிலும் சிறு துளைகள், உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் வட்டு. தண்ணீர் வரும்போது அதன் அழுத்தம் வட்டைத் தள்ளிப் பக்கத் துளைகளை அடைக்கும். தண்ணீர் ஹோஸுக்குப் போகும். அழுத்தம் போனதும் ஸ்பிரிங் வட்டைப் பின்னால் தள்ளும். வரும் வழி அடைபடும், பக்கத் துளைகள் திறக்கும். ஹோஸுக்குள் காற்று புகும். உறிஞ்சு குழலில் இளநீரை இழுத்து மேல்முனையை விரலால் மூடினால் நீர் உள்ளேயே நிற்கும்; விரலை எடுத்தால் கொட்டிவிடும் அல்லவா, அதே செயல்தான். காற்று நுழைந்த ஹோஸால் தொட்டியிலிருந்து எதையும் ஏற்ற முடியாது.

இந்தக் கருவியும் கசியும். ஆனால் அதன் கசிவு எல்லாமே பழுதல்ல. குழாயை மூடிய உடனே பக்கத் துளைகளில் கொஞ்சம் தண்ணீர் பீறி வடிந்தால், ஹோஸில் நின்ற நீர் வெளியேறுகிறது. கருவி வேலை செய்கிறது. ஹோஸை மாடிக்குக் கொண்டுபோயிருந்தால் இன்னும் அதிகம் வடியும். குழாய் திறந்திருக்கும்போதே துளைகளில் விடாமல் ஒழுகினால்தான் பழுது. வட்டில் மண் மாட்டியிருக்கும், அல்லது சுண்ணாம்பு படிந்திருக்கும், அல்லது ரப்பர் வெயிலில் இறுகிப்போயிருக்கும். எலுமிச்சையில் ஊறவைத்துப் பார்க்கலாம்; ரப்பர் இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். ஒழுகுகிறதே என்று எம்-சீல் வைத்துத் துளைகளை அடைப்பது மட்டும் கூடாது. துளைகளுக்காகத்தான் அந்தக் கருவியே இருக்கிறது.

இன்னொரு தவறும் அதை விரைவில் கெடுக்கும். ஹோஸின் முனையில் துப்பாக்கி போன்ற தெளிப்பானை மாட்டி, அதை மட்டும் மூடிவிட்டுக் குழாயைத் திறந்தே விட்டுவிடுவது. வட்டு நாள்கணக்கில் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தேவைப்படும் நேரத்தில் விழாது. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து அழுத்தத்தில் வைக்காதீர்கள் என்பது இந்த வகைக் கருவிக்கு உள்ள விதி.

நம் ஊர்க் கடையில் வெற்றிட முறிப்பான் எளிதில் கிடைக்காது. கிடைப்பது என்.ஆர்.வி. என்று பிளம்பர்கள் சொல்லும் ஒருவழி வால்வு. உடலில் அம்புக்குறி போட்டிருக்கும். அம்பு வீட்டைப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாயில் பித்தளையில் ஸ்பிரிங் வைத்தது வாங்கலாம். நல்ல தண்ணி இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று போட்டுவிட்டால் அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு எதுவும் திரும்பாது. ஒரே குறை, அதற்குள்ளும் மணல் மாட்டும். மாட்டினால் பாதி திறந்தே கிடக்கும், வெளியில் தெரியாது. அதனால் கழற்றிக் கழுவ வசதியாக யூனியன் வைத்துப் போட வேண்டும்.

போர்த் தண்ணியும் நல்ல தண்ணியும் ஒரே குழாயில் வர வேண்டும் என்று இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு கேட் வால்வு வைத்திருக்கிற வீடுகளுக்கு வெற்றிட முறிப்பான் உதவாது. அங்கே நடப்பது இழுப்பல்ல, தள்ளல். போர் மோட்டார் ஓடும்போது அதன் அழுத்தம் தெருக் குழாயின் அழுத்தத்தைவிட அதிகம். கேட் வால்வு கொஞ்சம் கசிந்தாலும் உப்புத் தண்ணீர் தெருவுக்குள் போகும். 2016-இன் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடிநீர்க் குழாயை வேறு எந்தத் தண்ணீர்க் குழாயோடும் இணைக்கக் கூடாது என்கிறது. பிரித்துவிடுவதே வழி.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான கருவிக்குக் காசே கிடையாது. குழாய் மூக்குக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவே இருக்கும் வெறும் காற்று. மூக்கின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்படியும் ஓர் இஞ்சுக்குக் குறையாத இடைவெளி இருந்தால் எந்த மோட்டாரும் அதைத் தாண்டித் தண்ணீரை இழுக்க முடியாது. அதில் ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை, மணல் மாட்டாது. ஹோஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் அதன் முனை தொட்டிக்குள் மூழ்காமல் விளிம்புக்கு மேலே நிற்கும்படி ஒரு கொக்கியில் கட்டிவிட்டால் போதும். காய்கறியும் பூவும் பயிராகும் இந்தப் பக்கத்தில், மருந்தடிக்கும் தெளிப்பான் டாங்கியை வீட்டுக் குழாய் ஹோஸால் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தை ஊற்றிவிட்டு ஹோஸை உள்ளே விட்டு நிரப்புவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. முதலில் குடத்தில் பிடித்து, குடத்திலிருந்து டாங்கியில் ஊற்றுங்கள். நடுவில் ஒரு குடம் வந்தாலே தெருக் குழாய்க்கும் விஷத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது இவ்வளவு. குழாய்க் குழிகளை மூட அவரால் முடியாது. தண்ணீர் மேலே ஏறினால்தான் அவர் குழியை விடுவார். மோட்டாரைப் பறிமுதல் செய்தாலும் அழுத்தம் வராதவரை இன்னொரு மோட்டார் வரும். ஒடிசாவின் புரி நகரத்தில் 2021 ஜூலையில் குழாயிலிருந்து நேரே குடிக்கத்தக்க தண்ணீரை 24 மணி நேரமும் தரத் தொடங்கினார்கள். தொடர் விநியோகம் என்றால் தண்ணீர் அதிகம் செலவாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் நிலத்தடிக் கசிவுகள் தெரியவரும், தொட்டி கட்டிச் சேமித்துப் பிறகு பழசு என்று கொட்டுவது நிற்கும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நம் சிற்றூர்களுக்கு அது நாளையே வராது. அதுவரை புதிய இணைப்பு கொடுக்கும்போதே வீட்டு வாசலில் ஒரு என்.ஆர்.வி.யைக் கட்டாயமாக்கி, இணைப்புக் கட்டணத்திலேயே அதன் விலையைச் சேர்த்துவிடலாம். 1971 முதல் இந்த மாநிலத்துக்குக் குடிநீர்த் திட்டங்களை வடிவமைத்துத் தரும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு இது பெரிய வேலை அல்ல.

உங்கள் வாசல் குழாய் உள்ளே இழுக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். ஒரு டம்ளரில் கொதித்து ஆறிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் தண்ணீர் நின்று அரை மணி நேரம் கழித்து, சுத்தமாகக் கழுவித் துடைத்த குழாய் மூக்கை அந்த டம்ளருக்குள் மூழ்கும்படி பிடித்துக் குழாயைத் திறங்கள். மட்டம் இறங்கினால் உங்கள் தெருக் குழாய் இழுக்கிறது. அன்றே என்.ஆர்.வி. வாங்கிவிடுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். போட்ட பிறகு இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். வீட்டுக் குழாயில் காலியிடம் இருந்தால் முதலில் கொஞ்சம் இறங்கி நிற்கும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் வால்வு திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று அம்புக்குறியைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் யூனியனைக் கழற்றி உள்ளே மணல் இருக்கிறதா என்று பாருங்கள்.